ஒட்டி நிற்கும் ரெண்டு லீவர்

"எவனோ ஒரு பொறுப்பில்லாதவன் பண்ணின வேலை இது! கண்ணை மூடிக்கிட்டு வச்சிருக்கான்!"

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் எறிந்தார் முதலாளி. திரையில் விமானம் ஓடுபாதையில் வயிறு தேய்ந்து கிடந்தது. மறுபடியும்.

அந்தக் காலத்துப் பயணிகள் விமானத்தை அச்சு அசலாக ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர், கம்ப்யூட்டர் விளையாட்டு. நாளைக்கு அது விற்பனைக்குப் போயாக வேண்டும்.

"தரையைத் தொட்டாச்சு, இறக்கையோட ஃப்ளாப் மடிப்பை ஏத்தலாம்னு லீவரை இழுத்தா சக்கரம் மடங்குது! ரெண்டு லீவரும் ஒரே மாதிரி, ஒட்டி ஒட்டி. யார் வச்சது?"

"நான்தான் சார்."

விமான விவரங்களைத் தேடிச் சேர்ப்பது அவள் வேலை. பழைய படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்து கிடந்தது.

"மியூசியத்துல நிக்கிற விமானத்துல தள்ளித்தானே இருக்கு?"

"அது அப்புறம் மாத்தினது சார். முதல்ல பறந்ததுல இப்படித்தான். தொழிற்சாலைப் படத்தோட ஒத்துப் பாத்துட்டேன்."

"உன் ஆராய்ச்சியைக் குப்பையில போடு! வாங்கறவன் எல்லாம் கவுந்தா என்னைத்தான் திட்டுவான். தள்ளி வை. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே."

"பறந்தது பறந்தபடியே இருக்கணும்னுதானே என்னை வேலைக்கு வச்சீங்க? மாத்த மாட்டேன் சார்."

"என்னம்மா பிடிவாதம்? அந்தக் காலத்துல ஒரு பைலட் இதையே கவுத்தானே, தூங்கி வழிஞ்சிருக்கான்னு விசாரணையிலயே சொல்லிட்டாங்க. அந்த மாதிரி ஆளுக்குத்தான் லீவர் குழம்பும்!"

"இப்ப நீங்க தூங்கி வழிஞ்சீங்களா சார்?"

முதலாளி திரையில் கிடந்த விமானத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த விபத்துக்கு அப்புறம்தான் லீவரைத் தள்ளி வச்சாங்க. ஏன்னு யாரும் வாய் திறக்கல. வேலை போனது அந்த பைலட்டுக்கு மட்டும்தான். தன் கையை நம்பாம, அப்புறம் ஒரு ஸ்கூட்டரைக்கூட அவர் தொடல."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பா சார்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. களைப்புதான்.

"பொறுப்பில்லாதவனைத் தேடறீங்கல்ல? சத்தமில்லாம லீவரை மாத்தினாங்களே, அவங்களைக் கூப்பிடுங்க. தப்பு அவர் கையில இல்லேன்னு, அந்த மனுஷன் உயிரோட இருக்கறப்பவே நேர்ல வந்து சொல்லச் சொல்லுங்க."