வெள்ளைச் சேறு

இது நான் நேரில் பார்த்ததல்ல. அலுவலகத்தில் அடுத்த மேசை அக்கா சொன்னது. கோபத்தில் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

"சிநேகிதமாம் சிநேகிதம்! கால் போனதும் ஆளையே கழட்டி விட்டுட்டாங்கப்பா."

அக்காவின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவரும், வெல்டிங் பட்டறைக்காரரும், வாத்தியாரும், மருந்துக்கடைக்காரரும் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளிகள். வருஷம் தவறாமல் நாலு பைக்கில் மலைக்குப் போவார்கள். பஸ் எட்டாத, போன் எடுக்காத இடம்.

வரிசையில் அக்காவின் கணவர்தான் எப்போதும் கடைசி. யார் வண்டி மக்கர் பண்ணினாலும் அவர் நின்று சரிசெய்து, முன்னால் அனுப்பிவிட்டுத்தான் கிளம்புவார். அது அவர்கள் வைத்துக்கொண்ட முறை.

போன வருஷம் வேலையில் தவறி விழுந்ததில் அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

"பின்னால உக்காந்து வாடா" என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

"மூட்டை மாதிரி வர்றதுக்கு நான் வீட்லயே கெடக்கேன்" என்றிருக்கிறார்.

அதோடு மலைப் பேச்சு நின்றது. ஆனால் சாயங்காலமானால் வாசலில் நிற்கும் தன் பைக்கில் ஏறி உட்கார்ந்துகொள்வாராம். எஞ்சினைக் கிளப்ப மாட்டார். கிளட்சைப் பிடிப்பார், விடுவார். பிடிப்பார், விடுவார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. அந்தக் கடைசி வளைவுல வண்டியைச் சாய்ச்சா, கீழ ஆறு தெரியும். அப்புறம் குளிர் வந்து மூஞ்சியில அறையும் பாரு..."

பாதியில் நிறுத்திக்கொள்வாராம்.

ஞாயிற்றுக்கிழமையானால் மூன்று பேரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

"இந்த வருஷம் மேல போகலையாடா?" என்று ஒரு நாள் இவராகவே கேட்டிருக்கிறார்.

"எங்கடா நேரம்? வாத்தியாருக்குப் பரீட்சை. எனக்குத் தலைக்கு மேல வேலை" என்றாராம் பட்டறைக்காரர்.

அடுத்த வாரம் அவர்கள் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இவர் ஊன்றுகோலோடு வாசலுக்குப் போய், பட்டறைக்காரரின் பைக்கைக் குனிந்து பார்த்து, சக்கரத்துக்கு மேலே விரலால் சுரண்டினார். திரும்பி வந்து கேட்டார்.

"மேல மழை எப்படிடா?"

"எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மருந்துக்கடைக்காரர். வாத்தியார் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

அவர்கள் போனபின் இவர் தன் நகத்தை அக்காவிடம் காட்டினார். உள்ளே வெள்ளையாகச் சேறு.

"இந்தச் சேறு மேல மட்டும்தான் உண்டு. போயிட்டு வந்திருக்கானுங்க."

"மூஞ்சிக்கு நேரா கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டு? விடும்மா. அவனுங்களாவது போகட்டும்."

அன்றைக்கு அவர் பைக்கில் ஏறி உட்காரவில்லை.

மறுநாள் சாயங்காலம் அக்கா நேராகப் பட்டறைக்குப் போய்விட்டார். மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

"மேல போனீங்களா, இல்லையா?"

"போனோம் தங்கச்சி."

"கால் போனா மனுசனே போயிட்டானாண்ணே? நகத்துல அந்தச் சேத்தை வச்சுக்கிட்டு, கை கழுவாம உக்காந்திருந்தார் உங்க சிநேகிதர்!"

பட்டறைக்காரர் தலை குனிந்துகொண்டார். வாத்தியார்தான் பேசினார்.

"எவ்வளவு வேணா திட்டு தங்கச்சி. நீ இங்க வந்ததை மட்டும் அவன்கிட்ட சொல்லாத."

"கல்லுளிமங்கனுங்க! அதுக்கு மேல வாயே தொறக்கலப்பா" என்றார் அக்கா என்னிடம். "நீதான் பத்திரிகைக்கெல்லாம் எழுதுறியே, இதை எழுது. பேரை மட்டும் போட்டுடாத."

எழுதினேன். அனுப்பத்தான் பயமாக இருந்தது. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு மூன்று பேரைத் துரோகிகள் என்று அச்சில் ஏற்றலாமா? கால் உடைந்த நாற்காலி ஒன்றைச் சாக்காக வைத்துப் பட்டறைக்குப் போனேன். சுற்றி வளைத்துத்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"தங்கச்சி அனுப்பிச்சா?" என்றார் பட்டறைக்காரர்.

"இல்லண்ணே. நானாத்தான் வந்தேன்."

அவர் மூலையைக் கைகாட்டினார். தரையில் ஓர் இரும்புச் சட்டம். அதன் ஒரு முனையில் ஒற்றைச் சக்கரம்.

"அவன் பைக்குக்குப் பக்கத்துல மாட்டுறது. மாட்டிட்டா காலை ஊன வேண்டாம். கியரையும் கைக்கு மாத்திடுவோம். அவனே ஓட்டிக்கிட்டு வரலாம்."

"இதை அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"மேல ஒரு மரப்பாலம் இருக்கு தம்பி. அதைத் தாண்டாம அந்தப் பக்கம் போக முடியாது. ஆசையைக் காட்டிக் கூட்டிட்டுப் போயிட்டு, பாலத்துக்கிட்ட நின்னு, 'உன் வண்டி நுழையாது, நீ திரும்பிப் போடா'ன்னு சொல்ல முடியுமா? அதான் மொதல்ல நாங்க போய் அளந்துட்டு வந்தோம்."

"அகலம் பத்துச்சாண்ணே?"

"பத்தல."

அவர் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

குனிந்து அந்தச் சட்டத்தைப் பார்த்தேன். நடுவில் நாலு விரல் அகலத்துக்கு அறுத்தெடுத்து, இரண்டு முனைகளையும் மறுபடி சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். ஒட்டு பழையதோ என்று சந்தேகப்பட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

சுட்டது.