டஸ்டர் தொடாத தப்பு

ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகைக்குக் கீழே ஒரு டஸ்டர் இருந்தது. பலகையில் தப்பு இருந்தால் அதற்குப் பொறுக்காது.

அன்று அல்ஜீப்ரா பாடவேளை. செங்கமலம் என்ற மாணவி 3x + 5 = 20 என்ற கணக்கைப் போட வந்தாள். அடுத்த வரியில் 3x = 25 என்று எழுதினாள். வகுப்பே சிரித்தது. அவள் கண் கலங்கிவிட்டது.

"பாவம், சீக்கிரம் அழித்துவிடலாம்!" என்று டஸ்டர் பதறியது.

"இரு, டீச்சர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம்" என்றது செங்கமலத்தின் கையிலிருந்த சாக்பீஸ்.

புனிதவதி டீச்சர் டஸ்டரைத் தொடவே இல்லை. "முதல் வரியில இருந்த அஞ்சு எங்கேம்மா?" என்று கேட்டார்.

"அந்தப் பக்கம் போயிடுச்சு டீச்சர்."

"போனப்போ அப்படியேவா போச்சு?"

செங்கமலம் தான் எழுதியதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஐயோ, கழிக்கணும்!" என்றாள். பக்கத்திலேயே 3x = 15 என்றும், x = 5 என்றும் எழுதினாள்.

"அந்தத் தப்பு வரி இன்னும் நிற்கிறதே!" என்று டஸ்டர் முனகியது.

சாக்பீஸ் பதில் சொல்வதற்குள் கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. பள்ளி திறந்ததிலிருந்து கணக்கு வகுப்பில் வாயே திறக்காத ஜெசிந்தா எழுந்து நின்றாள்.

"டீச்சர், எனக்கும் தப்பாத்தான் வரும். வந்து போட்டுப் பார்க்கட்டுமா?"

"வாம்மா" என்றார் டீச்சர்.

டஸ்டர் சத்தமில்லாமல் ஓரமாக நகர்ந்து படுத்துக்கொண்டது.