துணைக்கு வந்தவர்

"அசையாதே. வெளிச்சத்துப் பக்கம் திரும்பு. போன வாரத்தைவிடப் பெருசாயிருக்கு இது."

பஸ் டிரைவர் தன் மனைவியின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். காதுக்குக் கீழே, கழுத்தோரத்தில் புதிதாக ஒரு மச்சம். முதலில் கடுகாக இருந்தது. அப்புறம் மிளகானது. இன்றைக்கு ஓரமெல்லாம் பிசிறடித்து, ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் காப்பிப்பொடி நிறமுமாகக் கோணிக்கொண்டு நிற்கிறது.

"தொடாதீங்க, கூசுது," என்று அவர் கையைத் தட்டிவிட்டாள் அவள். "நகை உரசிக் கறுத்திருக்கும். உங்க உள்ளங்கால்ல பிரேக் மிதிச்சு மிதிச்சுக் கறுக்கலையா, அந்த மாதிரி."

"அதும் இதும் ஒண்ணா? பேச்சை மாத்தாதே. டாக்டர்கிட்ட போகலாம்."

"வலியே இல்லையே. வலிச்சாத்தானே நோய்?"

"வலிச்சாத்தான் நோய்னு உனக்கு யார் சொன்னா?"

"அங்க போனா இல்லாததை இருக்குன்னு சொல்லுவாங்க. சும்மா இருக்கிற சங்கை ஏன் ஊதிக் கெடுக்கணும்?"

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த விதண்டாவாதத்தை எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"ஊர்ப் பொண்ணுங்க மூஞ்சியில இருக்கிற மச்சத்தையெல்லாம் பூசிப் பூசி மறைக்கிறவ நீ. இது சாதா மச்சம் இல்லைன்னு உன் கண்ணுக்குத் தெரியலையா?"

கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வது அவள் தொழில். பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்: "ஆயிரம் மச்சம் பாத்தவளுக்கு இது எம்மாத்திரம். பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க."

கிளம்பினார். ஆனால் மனசு வீட்டிலேயே இறங்கிவிட்டது. சிக்னலில் பச்சை விழுந்தும் பஸ் நகரவில்லை. கண்டக்டர் விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோய் முன்னால் வந்தான்.

"அண்ணே, இதைவிடப் பச்சை வேணும்னா செடியைத்தான் நட்டுவைக்கணும்."

"வீட்டுல அவளுக்குப் புதுசா ஒரு மச்சம்டா. நாளுக்கு நாள் பெருசாகுது."

"மச்சம்னா அதிர்ஷ்டம்ணே."

"அவ இல்லாத வீட்டுக்கு அதிர்ஷ்டம் எதுக்குடா?"

கண்டக்டர் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னார்: "நாளைக்கு லீவு சொல்லியாச்சு. நீ வர்ற. இல்லைன்னா தூக்கிட்டுப் போவேன்."

காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத மனுஷன். அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தூக்குற வயசைப் பாரு. சரி, வரேன். ஆனா அங்க டாக்டர் என்ன சொன்னாலும் நீங்க கேக்கணும்."

"தலைகீழா நிக்கச் சொன்னாலும் நிப்பேன். போதுமா?"

மறுநாள் தோல் டாக்டரம்மாவின் அறை. "யாருக்குப் பாக்கணும்?" என்று அவர் கேட்டார்.

"இவளுக்குத்தான் டாக்டர். நான் துணைக்கு வந்தேன்," என்று ஆரம்பித்த டிரைவர், கடுகு, மிளகு, பிசிறு, காப்பிப்பொடி என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

டாக்டரம்மா கழுத்தில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"நல்லாத்தான் கவனிச்சிருக்கீங்க," என்றார் டாக்டரம்மா. "புதுசா வர்ற மச்சம் முக்காவாசி சும்மாதான். ஆனா இப்படிக் கோணலா, ரெண்டு மூணு நிறமா மாறிக்கிட்டே போச்சுன்னா விடக்கூடாது. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல் இருக்கே, அது கட்டுக்கடங்காமப் பெருக ஆரம்பிக்கும். முதல்ல மேல்தோல்லயே பரவும், சுவத்துல ஈரம் பரவுற மாதிரி. அப்பவே பிடிச்சா அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு நிம்மதியா வீட்டுக்குப் போகலாம். செங்கல்லுக்குள்ள இறங்க விட்டாத்தான் கஷ்டம்."

"நாங்க விடலையே டாக்டர். உடனே வந்துட்டோம்."

"நம்ம நிறத்துக்காரங்களுக்கு இந்தப் புத்துநோய் வர்றதே அபூர்வம். வந்தா, கழுத்தைவிட உள்ளங்கால்லயும் நகத்துக்கு அடியிலயும்தான் அதிகம்."

"வேற எங்கயாவது இருக்கான்னு நேத்தே தேடிப் பாத்துட்டேன். இவ கால் ரெண்டும் பளிச்சுனு இருக்கு," என்றார் டிரைவர் பெருமையாக. உடனே குரல் இறங்கியது. "இவளுக்குச் சரியாயிடும்ல டாக்டர்?"

"இவங்களுக்கா? ஒரு சொட்டு எண்ணெய் போதும்."

டாக்டரம்மா எண்ணெய் தொட்ட பஞ்சை நீட்டினார். மனைவி அதை வாங்கிக் கழுத்தில் அழுத்தி ஓர் இழு இழுத்தாள். மச்சம் மொத்தமும் பஞ்சோடு வந்துவிட்டது.

"தினமும் கண்ணாடியைப் பாத்து வரைஞ்சு வரைஞ்சு கை கடுத்துப்போச்சு," என்றவள், கணவரின் முன்னால் குனிந்து, வலது கால் ஷூவின் நாடாவை அவிழ்த்தாள். "துணைக்கு வந்தது நான்தான் டாக்டர். இவரைக் கூப்பிட்டா 'வலிச்சாத்தானே நோய்'னு வரமாட்டேங்கிறார். இவரோட பிரேக் மிதிச்ச கறுப்பைப் பாருங்க, இன்னும் மிளகளவுகூட ஆகலை."