கமிங் சூன்

“நல்ல சொல்லை இப்படியாம்மா கொல்றது?” என்று கேட்டபடியே துணிக்கடைக்குள் நுழைந்தார் இளஞ்செழியன். வாசல் ஃபிளெக்ஸில் ‘கமிங் சூன்’ என்று முழ நீளத்துக்கு எழுத்து. அதற்கு மேலே பாதி வெள்ளையாகக் கிடந்தது. ராசிபுரத்து வெயிலில் வெளுத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். தப்பைக் கண்டால் விடமாட்டார். அடுத்தவர் தப்பு என்றால் இன்னும் உற்சாகம்.

“வாங்க சார், உக்காருங்க” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள் தமிழ்ச்செல்வி. அவரிடம் படித்தவள். கணவனின் லாரியை விற்று வைத்த கடை இது. தீபாவளி வியாபாரத்தைப் பிடித்தால்தான் குடும்பம் தலைநிமிரும்.

“சூன்னா என்ன அர்த்தம்?”

“சீக்கிரமாங்க சார்.”

“அது இப்போ. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி, பழைய இங்கிலீஷ்ல அதைச் ‘சோனா’ன்னாங்க. அர்த்தம், இந்த நிமிசமே! அப்புறம் ஏன் சீக்கிரம்னு இழுத்துக்கிட்டுப் போச்சு?”

“தெரியலீங்க சார்.”

“இந்த நிமிசமே செய்யறேன்னு வாக்குக் குடுத்தவன் எல்லாம் ஆற அமரச் செஞ்சான். கேட்டவங்க ஏமாந்து ஏமாந்து, கடைசியில சொல்லே சோம்பேறி ஆயிருச்சு!”

தமிழ்ச்செல்வியின் முகம் வாடியது. அவருக்கோ பழைய வகுப்பறைக்கே திரும்பிவிட்ட சந்தோஷம். நிறுத்த மனம் வரவில்லை.

“தீபாவளி வாசல்ல வந்து நிக்குது. இன்னும் சரக்கு வரலியா?”

“வந்து அடுக்கியாச்சுங்க.”

“கரண்ட்?”

“அதும் வந்துருச்சுங்க.”

“அப்புறம் எந்தச் சோம்பேறிக்காகக் கடையை இன்னும் தொறக்காம வெச்சிருக்கே?”

அவள் பதறிவிட்டாள். “அப்படிச் சொல்லாதீங்க சார். கடைக்குப் பேரு ஒண்ணுதானுங்க பாக்கி. சித்திரையிலயே ஒருத்தர்கிட்டக் கேட்டோமுங்க. நாளைக்கே சொல்றேன்னாரு. அவரு சொல்லாம வேற ஆள்கிட்டப் போனா அவருக்கு மரியாதை இல்லீன்னு எங்க மாமனார் சொல்லிட்டாருங்க.”

இளஞ்செழியனுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. பாவம், ஒரு பெண் பிழைப்புக்குத் தவிக்கிறாள், இப்படியும் ஒரு மனுஷன்! எழுந்தே நின்றுவிட்டார்.

“யாரும்மா அந்த மகானுபாவன்? ஆளைக் காட்டு, நான் நல்லா நாலு கேள்வி கேக்கறேன்!”

தமிழ்ச்செல்வி தரையைப் பார்த்தாள்.

“நீங்கதானுங்க, சார்.”