மெழுகுதிரிக் கொம்பனி மெஷின்

"அந்த மெஷினைத் தூக்கிக் கடலுக்குள்ள போடவேணும், நானா!"

ரெலிபோனை டக்கென்று வைத்தார் மரியநாயகம். வெள்ளவத்தையில் அவருடைய பலசரக்குக் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரரான தையற்கார மஜீட், பிளேன்ரீயை உறிஞ்சியபடி சிரித்தார்.

"மெழுகுதிரிக் கொம்பனிக்காரன் அவன்ட சல்லியிலதானே மெஷின் வாங்கினான். ஒங்களுக்கு என்னத்துக்கு மச்சான் கோவம்?"

கோபம் வராமல் என்ன செய்யும்? தொண்ணூற்றாறாம் ஆண்டு. சண்டை ஒரு பக்கம் என்றால், மழை பொய்த்துப்போய் நாளாந்தம் கறண்ட் வெட்டு மறுபக்கம். மெழுகுதிரிக்குக் கொழும்பே அடிபட்டது. கொட்டாஞ்சேனைக் கொம்பனியில் ரெலிபோன் எடுத்து ஓடர் எழுதும் பிறிஜெற்றிடம், "தங்கச்சி, ரெண்டு பெட்டி கூடப் போடுங்கோ" என்று கடைக்காரர்கள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அந்தக் கரைச்சல் தாங்காமல்தான் முதலாளி சிங்கப்பூரிலிருந்து மெஷின் இறக்கினார். இனி ஓடரை மெஷின்தான் எடுக்கும் என்று கடைகளுக்கெல்லாம் நோட்டீஸ் வந்தது. மெஷினிடம் யார் கெஞ்சுவது?

மரியநாயகமும் தினமும் பிறிஜெற்றோடு கதைத்தவர்தான். ஆனால் ஒருநாளும் கெஞ்சியதில்லை. ஓடரைச் சொல்லிவிட்டு, "சாப்பிட்டியளோ?" என்று கேட்பார். அவளும் கேட்பாள். அவ்வளவுதான். முகத்தைக் கண்டதுகூட இல்லை. அந்தக் குரலுக்காகவே நேரத்தோடு கடை திறக்கப் பழகிவிட்டார் மனிதர். 'வாற மாதம் கேட்டுவிடவேணும்' என்று ஒத்திவைத்து ஒத்திவைத்தே இரண்டு நத்தார்ப் பண்டிகை போய்விட்டது.

"குரல் அவவின்ர குரல்தான், நானா. கசெற்றில பிடிச்சு மெஷினுக்குள்ள போட்டிட்டு ஆளை வீட்ட அனுப்பிப்போட்டாங்கள். போன கிழமை கொட்டாஞ்சேனையில ஆமி சுத்திவளைச்சு ரவுண்டப்பாம். பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போனாங்களோ, என்னவோ... ஆரிட்டக் கேக்கிறது?"

"நேர போய்க் கேளுங்களேன்."

"'நீர் அவவுக்கு ஆர்?' எண்டு கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?"

நியாயமான கேள்விதான். மஜீட் பேச்சை மாற்றினார்.

"ஒண்டு கவனிச்சீங்களா மச்சான்? எல்லாக் கடைக்கும் கேட்டதுல பாதிதான் வருது. ஒங்களுக்கு மட்டும் கேட்டது அப்படியே வருது. மெஷினுக்கு ஒங்க மேல ஒரு கண்!"

"பகிடி விடாதேங்கோ, நானா."

அந்த நேரம் பார்த்துக் கறண்ட் போயிற்று. தலைக்கு மேலே காற்றாடி முனகிக்கொண்டு நின்றது. மஜீட் துள்ளி எழுந்தார்.

"கொட்டாஞ்சேனைக்கும் இந்த நேரந்தான் கட்! இப்ப அடிங்க மச்சான். மெஷின் செத்துக் கெடக்கும். ஆள்தான் எடுக்கணும்!"

இலக்கங்களை அமத்தினார் மரியநாயகம்.

"வணக்கம். இது தானியங்கி ஓடர் சேவை. கடையின் பெயரைச் சொல்லவும்." பிறகு, கிளாசில் தட்டினாற்போல் ஒரு 'டிங்'.

ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "சனியன், இப்பவும் வேலை செய்யுது!" என்றார்.

"ஜெனரேட்டர் வெச்சிருக்கான் போல. சரி, அதுகிட்டயே சொல்லுங்க. கெசட்டுல பதியும்தானே? யாராவது கேட்டு அவகிட்ட சேத்துருவாங்க." மஜீட் நாகரிகமாகத் தன் கடைக்கு நழுவினார்.

சுவரில் இருந்த அந்தோனியாரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார் மரியநாயகம்.

"மரியநாயகம் ஸ்ரோர்ஸ், வெள்ளவத்தை. ஆறு பெட்டி. பிறகு... இதைக் கேக்கிறவை தயவுசெய்து பிறிஜெற் எண்ட பிள்ளையிட்டச் சொல்லுங்கோ. அவ சுகமா இருக்கிறா எண்டு தெரிஞ்சாலே எனக்குக் காணும். அவவுக்கும் விருப்பமெண்டா... நான் அவவைக் கலியாணம் செய்ய ஆசைப்படுறன். வீட்டில ஆரோட வந்து கதைக்கிறது எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

சொல்லி முடிக்கையில் சேர்ட் தெப்பலாக நனைந்திருந்தது.

'டிங்' வரவில்லை. மறுமுனையில் தேக்கரண்டி ஒன்று கீழே விழுந்து உருளும் சத்தம்தான் கேட்டது.

"மெஷின் வந்த கிழமையே கறண்ட் ஏறியிறங்கி எரிஞ்சுபோச்சு," என்றது மெஷின், மெல்லிய குரலில், மூச்சுவிடாமல். "ஆள் எண்டு தெரிஞ்சா திரும்பவும் கெஞ்சத் தொடங்கிடுவினம் எண்டு முதலாளி என்னையே மெஷின் மாதிரிக் கதைக்கச் சொன்னவர். ஞாயிறு பூசை முடிய அப்பா வீட்டில நிப்பார். பெரிய கோயிலடியில நான் நிக்கிறன், வாங்கோ... ஐயோ, முதலாளி வாறார்!"

குரல் மறுபடி மெஷினாயிற்று.

"நன்றி. உங்கள் ஓடர் ஏற்றுக்கொள்ளப்பட்டது."

டிங்.