ஏப்ரல் மாதத்துப் புல்

"மறுபடியும் குளம்புலதான்னா, இந்தத் தடவை ஊசிதானே, கண்ணு?"

"முதல்ல பார்க்க விடுங்க, மாமா."

கால்நடை மருத்துவர் ஹெலெத் லாயத்து வாசலில் குனிந்தாள். வைக்கோலில் காசு அளவுக்கு ரத்தம். சற்றுத் தள்ளி இன்னொன்று, காய்ந்து கறுத்திருந்தது.

"எப்பலேருந்து?"

"ரெண்டு மூணு நாளா. ஒரு நாத்தம் வேற." கிழவர் குவிலிம் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "நான் ஒரு ஆப்பிள்கூடக் குடுக்கல. உங்கம்மா மேல சத்தியம்."

"எங்கம்மாவை ஏன் இழுக்குறீங்க?"

"எனக்குன்னு யாரு இருக்கா, சத்தியம் பண்ண? இவதான் இருக்கா. இவ மேல பண்ண பயமா இருக்கே."

மட்டக்குதிரை ஷானி சுவரோரம் தலை தொங்க நின்றாள். போன இலையுதிர்காலத்தில் முன்குளம்புகளுக்குள் அழற்சி கண்டு, எழ முடியாமல் கிடந்தவள். இன்னொரு முறை வந்தால் அவளை வதைக்க வேண்டாம், ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று அன்றைக்குச் சொன்னவள் ஹெலெத்தான்.

புல்லில் இருக்கும் சர்க்கரைதான் காரணம் என்றும் அவள் சொன்னாள். அன்றிலிருந்து குவிலிம் புல்லுக்குப் பயந்த மனிதர் ஆனார். ஷானிக்கு வாய்க்கூடை கட்டினார். காய்ந்த புல்லைக்கூடத் தொட்டியில் ஊறப்போட்டு, சர்க்கரை கரைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் வைப்பார். இரவில் உறைபனியும் பகலில் வெயிலுமாக வந்து புல்லில் சர்க்கரை ஏறும் ஏப்ரலில் அவளை வெளியே விடுவதே இல்லை. ட்ரெகாரன் மலைச்சரிவு முழுக்கப் பச்சை மினுங்க, அதை எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"சர்க்கரை விஷயத்துல கோட்டை விட்டா முதல் அடி காலுக்குத்தான்னு நீதானே சொன்னே. மறப்பேனா?" குழாயைத் திறந்து வாய் வைத்துக் குடித்தார். துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தார். "அந்த லாடக்காரன் வேற போன வாரம் முற்றம் பூரா ஆணியை விதைச்சிட்டுப் போயிருக்கான். ஏதாவது குத்தியிருக்குமோ?"

ஹெலெத் நெருங்கியதும் ஷானி மிரண்டு நகர்ந்து, குவிலிமின் பூட்ஸ் மேலேயே குளம்பை ஊன்றினாள். அவர் லாடக்காரனைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

"மாமா, உங்க கால் மேல நிக்கிறா."

"அட, ஆமா." தோளால் அவளைத் தள்ளினார். "குதிரை மிதிச்சு மிதிச்சு மரத்துப்போன கால். அதை விடு, அவளைப் பாரு."

ஹெலெத் ஷானியின் கணுக்காலில் விரல் வைத்தாள். நாடி மெல்லத்தான் ஓடியது. குளம்பு சில்லென்று இருந்தது. இடுக்கியால் ஓரமெல்லாம் அழுத்தினாள். ஷானி காலை இழுக்கவில்லை, கொட்டாவி விட்டாள்.

ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிப் பார்த்தாள். கீறல் இல்லை, சீழ் இல்லை. ஆணி எதுவும் ஏறியிருக்கவில்லை.

"சொல்லிடு, கண்ணு. வாய்க்குள்ள வச்சுக்கிட்டு இருக்காதே."

"நல்லா இருக்கா, மாமா. ஒண்ணுமே இல்ல."

குவிலிம் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். விரல்களை விலக்கியபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"திருட்டுக் கழுதை! என் உசுரை வாங்கிட்டியேடி! இரு கண்ணு, டீ போட்டுக் கொண்டாறேன். உனக்கு ரெண்டு கரண்டி சர்க்கரையா?"

"எனக்குச் சர்க்கரை வேண்டாம், மாமா."

"அப்ப உன் பங்கும் எனக்கே."

அவர் வெளியே போனார். ஹெலெத் கடைசிக் குளம்பை இறக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். இவளுக்கு ஒன்றும் இல்லையென்றால், அந்த ரத்தம்?

முற்றத்துச் சிமெண்டில் டிக், டிக் என்று சத்தம் கேட்டது. இரும்பு தரையில் படுகிற சத்தம். லாடம்தான் என்று முதலில் நினைத்தாள். ஆனால் ஷானி அசையாமல் நின்றாள்.

ஹெலெத் நிமிர்ந்து பார்த்தாள். குவிலிம் சீட்டியடித்தபடி வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ரப்பர் பூட்ஸ். வலது அடி வைத்தபோது சத்தமே இல்லை. இடது அடிக்கு ஒரு டிக். அவர் பின்னால் சிமெண்டில் சிவப்பாக ஒரு புள்ளி, அப்புறம் இன்னொரு புள்ளி.

"மாமா, அப்படியே நில்லுங்க. அந்த இடது பூட்ஸைக் கழட்டுங்க."