சொட்டுச் சிந்தாமல்

“பிளெசி! யாரோ நம்ம கார் ஆயிலைத் திருடிட்டாங்க!”

காலை ஆறு மணிக்குக் கீழேயிருந்து வந்த அப்பாவின் குரலைக் கேட்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினாள் பிளெசி.

பானெட் திறந்து கிடந்தது. அப்பா கொர்னேலியஸ் ஆயில் அளக்கும் கம்பியைத் துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி எடுத்துக் காட்டினார். ஆயிலே ஒட்டாமல் கம்பி பளபளவென்று இருந்தது.

“பெட்ரோல் திருடுவாங்க, பேட்டரி திருடுவாங்க. ஆயிலையாப்பா?”

“நல்லவேளை, கம்பியைப் பார்க்காம நான் சாவி போடுறதே இல்ல. போட்டிருந்தா இன்ஜின் காலி.”

சாயங்காலம் விஜயவாடாவில் மாமா மகள் கல்யாணம். ஹைதராபாத் லோத்குண்டாவிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். அப்பாதான் ஓட்டுவதாக ஏற்பாடு.

பிளெசி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். தரையில் ஒரு சொட்டுக் கறை இல்லை. ஒழுகவில்லை; யாரோ பக்குவமாக இறக்கியிருக்கிறார்கள்.

முன்பெல்லாம் ஆயில் மாற்ற, அடியிலிருக்கும் போல்ட்டை ஸ்பானரால் கழற்ற வேண்டும். ஒருமுறை சூடான ஆயில் கொட்டி கொர்னேலியஸின் மணிக்கட்டு வெந்துபோனது. அதற்குப் பிறகு அந்த போல்ட் இருந்த இடத்தில் சின்னதாக ஒரு வால்வை மாட்டிவிட்டார். டியூபைச் சொருகி லீவரைத் திருப்பினால் போதும், ஆயில் சமர்த்தாகக் கேனுக்குள் இறங்கிவிடும்.

“இப்படி ஒரு வால்வு இருக்கறது யாருக்குப்பா தெரியும்? ஜகதீசன் அங்கிளைத் தவிர?”

கீழ் வீட்டு ஜகதீசன். டிஃபென்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வால்வு மாட்டிய அன்று டார்ச் பிடித்தவர். அடுத்த வாரமே, வண்டி பார்க்கிங் கோட்டைத் தாண்டி நிற்கிறதென்று அப்பாவோடு ஒரு மூச்சு சண்டை போட்டவரும் அவர்தான்.

“ஏட்டி, கண்ணால பார்க்காம பழி போடக் கூடாது.”

சட்டம் படிக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது? அவள் அதற்குள் பெல்லை அழுத்திவிட்டாள்.

கதவைத் திறந்தது ஜகதீசனின் மனைவி கல்பகம். அவர் காலடியில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கேன். கேன் நிறையக் கறுப்பு ஆயில். அதன்மேல் சுருட்டி வைத்த டியூப்.



“அங்கிள்! இது எங்க ஆயில்தானே?”

“ஆமாம்மா.” காபி டம்ளரோடு வந்து நின்றார் ஜகதீசன்.

“யார் எடுத்தா?”

“நான்தான்.”

மறுப்பார், மழுப்புவார் என்று பத்துக் கேள்வி தயாராக வைத்திருந்தவளுக்கு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. கோபம் தலைக்கேறினால் அவளுக்கு ஹைதராபாத் இந்தி தானாக வந்துவிடும்.

“கைக்கு? ஏன் எடுத்தீங்க அங்கிள்? ஒரு பார்க்கிங் கோட்டுக்காகவா?”

“அப்படியே வச்சுக்கோயேன்.”

பின்னாலேயே வந்த கொர்னேலியஸ் கேனைத் தூக்கப் போனார்.

“அதை ஊத்திடாதீங்கோ சார். டீசல் இருந்த கேன். நீங்க திரும்பி வந்ததும் புது ஆயில் வாங்கி நானே ஊத்தறேன். எட்டு மணி வாக்குல ட்ரெயின் இருக்கு, இப்பக் கிளம்பினா பிடிச்சுடலாம்.”

“எங்க காரை முடக்கிட்டு எங்களுக்கே ட்ரெயின் டைம் சொல்றீங்களா! இது கிரிமினல் கேஸ் தெரியுமா? போலீஸைக் கூப்பிடட்டுமா?”

“கூப்பிடேன்.”

“ஏன்னா, போறும்...” என்று ஆரம்பித்த கல்பகத்தை, “நீ உள்ள போ” என்று தடுத்தார்.

இரண்டாம் மாடி பத்மஜா வாயில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்து, “ஏமைந்தி பிளெசி?” என்று தெலுங்கில் என்ன ஆச்சென்று விசாரித்தாள்.

“டார்ச் பிடிச்ச கையே திருடியிருக்கு ஆண்ட்டி! ரிட்டையர் ஆகப்போற வயசுல எங்கப்பா மேல வன்மத்தைப் பாருங்க!”

அபார்ட்மெண்ட் முழுக்கக் கேட்டது. ஜகதீசன் தலையைக் குனிந்தபடி நின்றார்.

“விடுட்டி. நான் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பார்க்கிறேன். அம்மாவைக் கூட்டிட்டு வா” என்றார் கொர்னேலியஸ்.

மேலே, அம்மா சாரா பைக்கு ஜிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு சத்தம் கேட்டும் கீழே வரலையேம்மா நீ! உனக்கு ரோஷமே கிடையாதா?”

சாரா கதவைச் சாத்தினாள். கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

நரம்பு டாக்டரின் சீட்டு. அப்பாவின் பெயர். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. இரண்டு முறை வலிப்பு. கடைசி வரிக்கு மட்டும் பேனாவால் அடிக்கோடு: ஆறு மாதம் வண்டி ஓட்டவே கூடாது.



“அப்பா நம்மகிட்ட சொல்லவே இல்லையேம்மா!”

“லாட்ஜுக்கு ஆதார் கார்டு வேணும்னு நேத்து மத்தியானம் தேடுனப்போ கையில சிக்குச்சு. ட்ரெயின்ல போவோம்னு எவ்வளவோ சொன்னேன். நீதான் அப்பா பக்கம் சேர்ந்துக்கிட்டு, பாயிண்ட் பாயிண்டா பேசி என் வாயை அடைச்ச.”

“இந்தச் சீட்டை அப்பா முன்னாடி நீட்டியிருக்கலாமே?”

“கல்யாணத்துக்குக் கிளம்புற மனுஷனை, அதுவும் உன் முன்னாடி, குறுக வைக்கவா? திரும்பி வந்ததும் தனியா பேசிக்கிடுதேன்.”

“அப்போ... அங்கிள்?”

“அப்பா சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்குப் போனதும் நான்தான் ஜகதீசன் சார் கதவைத் தட்டினேன். சாவியை ஒளிச்சா வேற சாவி எடுப்பார், ஆயில் இல்லாட்டிதான் வண்டியைத் தொட மாட்டார்னு சார் சொன்னார். யார் எடுத்ததுன்னு கேட்டா நான்தான்னு சொல்லிடுதேன்னேன்.”

“அதுக்கு?”

“‘வேண்டாம் சிஸ்டர். நீங்கன்னு தெரிஞ்சா, உங்க பொண்ணு ஏன்னு கேட்டுக் கேட்டு அவர் உடம்பு விஷயத்தை வெளியில கொண்டுவந்துடுவா. நான்னா, பார்க்கிங் சண்டைதான் காரணம்னு அவளே முடிவு பண்ணிடுவா. கேனை வாசல்லயே வச்சுடறேன்’னார்.”